உட்கார மறுத்த வரைபடம்

நான் செய்த காரியங்களில் மிகக் கேவலமானதைச் செய்ய எனக்கு உழைப்பு எதுவும் தேவைப்படவில்லை. கம்ப்யூட்டர் திரையில் ஒரு சின்னக் கட்டம். அதற்குள் ஒரு டிக் குறி. அதை எடுத்துவிட வேண்டியவன் நான். எடுக்கவில்லை. பதினோரு நாள் எடுக்காமல் இருந்தேன். இப்போது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டேன். காலையில் மாத்திரை போட்டேனா என்பது மறந்துபோகிறது. அந்தப் பதினோரு நாளில் எதுவும் மறக்க மாட்டேன் என்கிறது.

தொண்ணூறுகளின் கடைசி. மைசூரில் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் எஞ்சின் வால்வுகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தேன். தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் புள்ளியியல் அதிகாரி. என் அப்பா ரயில்வே பட்டறை வேலைக்காகச் சேலத்திலிருந்து வந்தவர். நான் மைசூரிலேயே பிறந்து, கன்னடப் பள்ளியில் படித்து, தமிழ் எழுத்தை வீட்டில் அம்மாவிடம் கற்றுக்கொண்டவன். புள்ளியியலில் எம்.எஸ்ஸி. வாங்கியிருந்தேன். அந்தத் தொழிற்சாலையில் அந்தப் படிப்புப் படித்தவன் நான் ஒருவன்தான். இதை மற்றவர்கள் மறந்துவிடாதபடி பார்த்துக்கொள்வேன்.

எங்கள் பிரிவில் மூன்று கம்ப்யூட்டர்கள் இருந்தன. அவற்றுக்கென்று கண்ணாடிக் கதவு போட்ட ஏசி அறை. செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அறைச் சாவி என்னிடம். யார் எந்த மெஷினில் எவ்வளவு நேரம் உட்காரலாம் என்பதும் என் கையில்.

நான் அதை யாருக்குச் செய்தேனோ, அவர் அதே பிரிவில் இன்ஸ்பெக்டர். என்னைவிட ஒரு வயது இளையவர். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர் பக்கத்துக் கிராமம். ஐ.டி.ஐ. படித்து, இருபது வருடமாக மைக்ரோமீட்டரும் கையுமாக வால்வுத் தண்டுகளின் விட்டத்தை அளந்துகொண்டிருந்தார். வீட்டில் தமிழ் பேசுகிற குடும்பம், ஆனால் படிப்பெல்லாம் கன்னடம். கம்பெனி பஸ்ஸில் நான் வாசிக்கும் தமிழ் வாரப் பத்திரிகையைச் சில நாள் கேட்டு வாங்குவார். படங்களைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார்.

"எழுத்து வராதுங்க சார். பேச்சு மட்டுந்தான். படத்துக்கென்ன பாஷை, அதான் பாத்துக்கறேன்" என்பார்.

இன்ஸ்பெக்டர் என்றாலும் அவர் தொழிலாளர் தரத்தில்தான் இருந்தார். தொழிலாளர்கள் வாசலில் இருக்கும் கடிகார மெஷினில் கார்டைச் செருகிக் குத்திவிட்டு உள்ளே போக வேண்டும். அதிகாரிகள் ஒரு நோட்டில் கையெழுத்துப் போட்டால் போதும். அந்த மெஷின் ஒவ்வொரு கார்டுக்கும் 'ணங்' என்று ஒரு சத்தம் போடும். காலை எட்டு மணிக்கு நூறு ணங் கேட்கும். நான் அந்த வரிசையைக் கடந்து நோட்டை நோக்கி நடக்கும்போது கொஞ்சம் மெதுவாக நடப்பேன். இதையும் சொல்லிவிடுகிறேன்.

பன்னிரண்டு வருடமாக நான் அந்தத் தொழிற்சாலைக்குக் கட்டுப்பாட்டு வரைபடங்கள் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு மெஷினில் மணிக்கு ஐந்து வால்வு எடுத்து அளந்து, அந்த அளவுகளைப் புள்ளிகளாக வைத்து, நடுவில் சராசரிக் கோடு, மேலும் கீழும் எல்லைக் கோடு. கோடுகளின் ஓரத்தில் கிரேக்க எழுத்து. கணக்கில் ஒரு பிழை இருக்காது. மெஷினுக்குப் பக்கத்தில் அதைத் தொங்கவிடுவோம். ஆபரேட்டர்கள் அதைப் பார்த்ததே இல்லை. ஒருமுறை கான்டீனில் என் வரைபடத்தின் மேல் மத்தூர் வடையை வைத்து ஒருவன் எண்ணெய் ஒற்றிக்கொண்டிருந்தான். படிப்பில்லாதவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடம் புது ஸ்ப்ரெட்ஷீட் மென்பொருள் வந்தது. எல்லா இன்ஸ்பெக்டர்களுக்கும் ஒரு வாரம் வகுப்பு எடுத்தேன். அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கன்னட எழுத்தில் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். ஆங்கிலச் சொற்களைக்கூட கன்னட எழுத்தில்தான் எழுதினார். மூன்று வாரம் கழித்து ஒரு மதியம் ஒரு தாளை அச்செடுத்துக்கொண்டு வந்து என் மேஜையில் வைத்தார்.

கோடுகளுக்குப் பதிலாகப் பட்டைகள். நடுவில் அகலமான பச்சைப் பட்டை. அதன் இருபுறமும் குறுகலான மஞ்சள். அதற்கும் வெளியே சிவப்பு. புள்ளிகள் பச்சையில் நடந்து, மெல்ல மெல்ல மஞ்சளை நோக்கி ஒதுங்குவது கண்ணில் பட்டது.

"எங்கூர்லயிருந்து பாலாறு செக்போஸ்ட்டுக்குப் போற காட்டு ரோடு இருக்குதுங்களே சார், அதுதான். நடுவுல போனா பஸ்ஸு சேந்துரும். ஓரத்து மண்ணுல எறங்குனா டிரைவர் முழிச்சுக்கோணும். அதுக்கும் அந்தப்பக்கம் பள்ளம்" என்றார்.

நான் தாளைப் பார்த்தேன். அதில் தவறு தேடினேன். எல்லைகளைச் சரியான சூத்திரத்தில்தான் போட்டிருந்தார். நான் வகுப்பில் சொன்ன அதே சூத்திரம். என் கணக்குதான். பன்னிரண்டு வருடமாக என் கையில் ஊமையாக இருந்த கணக்கு அவர் கையில் பேசியது.

"நல்லா இருக்கு. கலர் கொஞ்சம் ஜாஸ்தி" என்றேன்.

ஒரே வாரத்தில் ஆபரேட்டர்கள் அதற்கு 'ரஸ்தெ சார்ட்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கன்னடத்தில் ரஸ்தெ என்றால் சாலை. புள்ளி மஞ்சளில் இறங்கியதும் கருவியைத் தீட்ட ஆள் கூப்பிட்டார்கள். யாரும் சொல்லித்தரவில்லை. அவர் மெஷின்களுக்கு நடுவே நடந்துபோனால் சிரித்துக்கொண்டே, "ஏனு ஸ்வாமி, நம்ம பஸ்ஸு பள்ளத்துல விழுந்துச்சா?" என்று கேட்டார்கள். நான் நடந்துபோனால் வேலையைப் பார்த்தார்கள்.

பொறாமை எனக்குப் பெரிய பெரிய யோசனைகளாக வரவில்லை. அவருடைய மூக்குக் கண்ணாடியைக் கட்டியிருந்த நூல் எரிச்சலாக இருந்தது. அவர் டீயை உறிஞ்சும் சத்தம் எரிச்சலாக இருந்தது. பிரிவு மேலாளர் அந்தத் தாளைத் தன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருப்பதைப் பார்த்த நாள், வீட்டுக்கு வந்து மனைவியிடம் பட்டை வரைபடத்தில் உள்ள குறைகளை விளக்கினேன். அவள் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்: "யாருங்க அவரு? ஒரு வாரமா இந்த வீட்டுல அவரு பேச்சாவே இருக்கு." அதற்குப் பிறகு வீட்டில் பேசுவதை நிறுத்திக்கொண்டேன். உள்ளே பேசுவது நிற்கவில்லை.

தசராவுக்குக் கொஞ்சம் முன்னால் மேலாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். எங்கள் வால்வுகளை வாங்கும் பெரிய கம்பெனியிலிருந்து தணிக்கைக்கு வருகிறார்கள். ஆறு செக்‌ஷனிலும் ஒரே மாதிரி வரைபடம் இருக்க வேண்டும். ரஸ்தெ சார்ட்டை ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்ய முக்கால் மணி நேரம் ஆகிறது. அதை மென்பொருளுக்குள்ளேயே ஒரு வகையாகச் சேமித்து வைத்துவிட்டால், யார் வேண்டுமானாலும் பட்டியலிலிருந்து எடுத்து இரண்டு கிளிக்கில் போட்டுக்கொள்ளலாம். அதைச் செய்து முடிக்கச் சொன்னார். பிறகு அவரைப் பார்த்து, பிரிவில் புதிதாக ஒரு அதிகாரி இடம் வருகிறது, இது நடந்தால் உங்கள் பெயரை எழுதுகிறேன் என்றார்.

வெளியே வந்ததும் அவர் வராந்தாவில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இருவது வருசமா கார்டு குத்தறேனுங்க சார். ஒரு நாளாச்சும் கையெழுத்துப் போட்டுட்டு உள்ள போகோணும்."

"போடலாம் போடலாம். முதல்ல வேலைய முடிங்க" என்றேன்.

மறுநாள் காலையில் கண்ணாடிக் கதவைத் தட்டினார்.

"ஏனுங்க சார், இது உக்கார மாட்டேங்குதுங்க. இங்கிலீஷ்ல என்னமோ வையுது."

சேமிப்பதை அவர் 'உட்காருவது' என்றுதான் சொல்வார். திரை திட்டியதை அப்படியே கன்னட எழுத்தில் நோட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். பட வகைகளின் கோப்பில் எழுத முடியவில்லை என்பது அதன் பொருள். காரணம் எதுவும் அதில் இல்லை.

அவர் உட்காரும் நடு மெஷினில் போய்ப் பார்த்தேன். நாமே உருவாக்கும் வரைபட வகைகளையெல்லாம் அந்த மென்பொருள் தனியாக ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளும். அந்தக் கோப்பைத் தேடி எடுத்தேன். அதன் மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, அதன் குணங்கள் எழுதிய பெட்டியைத் திறந்தேன். 'படிக்க மட்டும்' என்ற கட்டத்தில் டிக் இருந்தது. அது இருக்கும்வரை அந்தக் கோப்பில் புதிதாக எதுவும் ஏறாது. பார்த்ததும் ஞாபகம் வந்தது. வகுப்பு எடுத்த வாரத்தில் யாராவது எதையாவது கெடுத்துவிடப்போகிறார்கள் என்று பயந்து நான்தான் அந்த டிக்கைப் போட்டேன். பிறகு மறந்துவிட்டேன்.

அவர் தண்ணீர் குடிக்க வெளியே போயிருந்தார். கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நிமிடம்தான் ஆனது. டிக்கை எடுத்துவிட்டு, சரி செய்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நன்றிகூட எனக்குத்தான் கிடைத்திருக்கும்.

பெட்டியை மூடினேன்.

அவர் உள்ளே வந்ததும், "வைரஸா இருக்கும்" என்றேன்.

அந்த நாள்களில் வைரஸ் என்றால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். ஒரு ஃபிளாப்பியைக் கொடுத்து மூன்று மெஷின்களையும் சோதிக்கச் சொன்னேன். அரை நாள் போனது. வைரஸ் இல்லை. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம் இருப்பதால் கோப்பு தாங்கவில்லை என்றேன். நிறத்தைக் குறைத்துப் பார்த்தார். திரை அதையேதான் சொன்னது. வரைபடத்துக்கு அவர் வைத்த பெயர் நீளம் என்றேன். பெயரைச் சுருக்கினார். ஹார்டு டிஸ்க்கில் இடம் சிதறிக் கிடக்கிறது, அதை ஒழுங்குபடுத்த வேண்டும் என்றேன். அந்த வேலை ஓடும்போது திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு மதியம் முழுக்க அவர் அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சோறு வேகிறதா என்று பார்க்கிறவரைப்போல.

ஒவ்வொரு முறையும் வரைபடத்தை முதலிலிருந்து செய்ய வேண்டியிருந்தது. சலித்துக்கொள்ளவே இல்லை. நான் சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு, செய்து முடித்தவற்றின் பக்கத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டார். என் பொய்கள் அவருடைய நோட்டில் வரிசையாக, அழகான கன்னட எழுத்தில் இருந்தன.

எனக்கு அந்த நாள்களில் ஒரு மாதிரி சந்தோஷம் இருந்தது. அதை மறைக்கக் கூடாது. காலையில் பஸ்ஸில் ஏறும்போதே இருக்கும். அவர் என் கதவைத் தட்ட வேண்டும், என் முகத்தைப் பார்க்க வேண்டும், நான் யோசிப்பதுபோல் தாடையைத் தடவ வேண்டும். பன்னிரண்டு வருடத்தில் யாரும் என்னை அப்படித் தேடி வந்ததில்லை.

ஆறாம் நாள், எல்லோரும் கான்டீனுக்குப் போயிருந்த நேரத்தில் இன்னொன்றும் செய்தேன். டிக்கை எடுத்தேன். என் பழைய கோட்டு வரைபடத்தை, கிரேக்க எழுத்துகளோடு, ஒரு வகையாகச் சேமித்தேன். முதல் முறையிலேயே உட்கார்ந்தது. டிக்கைத் திரும்பப் போட்டேன். இதற்குக் கொஞ்சம் வேலை தேவைப்பட்டது. அதனால் முதலில் நான் எழுதியதைத் திருத்திக்கொள்ள வேண்டும். உழைப்பே இல்லாமல் செய்தேன் என்றேன். அது முழு உண்மை இல்லை.

அவர் மறுநாளே பட்டியலில் அதைப் பார்த்துவிட்டார்.

"உங்களுது மட்டும் எப்புடிங்க சார் உக்காந்துச்சு?"

"அது முன்னாடியே போட்டு வெச்சது."

"அப்புடிங்களா. நாந்தான் பாக்கலையாட்ட இருக்குது."

அவர் சந்தேகப்படவில்லை. தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டார். கண்ணாடியை மாற்ற வேண்டும்போல என்று சொல்லி நூலை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

ஆயுதபூஜைக்கு இரண்டு நாள் முன்னால் அறைக்கு வந்து, உட்காராமல் நின்றார்.

"நாலு நாள் லீவு போட்டிருக்கறேனுங்க. மாதேஸ்வரன் மலைக்கு நடந்தே வர்றேன், முடி எறக்கறேன்னு வேண்டிக்கிட்டேன்."

"எதுக்கு?"

"இது உக்காரோணும்னுதானுங்க. நீங்களும் பாவம், எத்தனை பண்ணிப் பாத்துட்டீங்க. மனுசங் கைல இல்லீங்க சார் இது."

நான் சிரித்தேன். சிரித்தது என் காதிலேயே சரியாக விழவில்லை. காட்டில் சந்தனக் கடத்தல்காரன் திரிந்த அந்த வருடங்களில் ஹனூரிலிருந்து மலைக்குப் போகும் காட்டு வழியில் நடக்கவே ஆட்கள் பயப்பட்டார்கள். செக்போஸ்டில் போலீஸ் பெயர் எழுதி, பையைச் சோதித்து, எதற்கு வந்தாய் என்று கேட்டுத்தான் விடும். அது எனக்குத் தெரியும். வாயைத் திறக்க அதுதான் நேரம். திறந்தேன்.

"பஸ்ல போகலாமே" என்றேன்.

"வேண்டுனது நடைங்க." பிறகு போகும்போது திரும்பி, "பூசையன்னைக்கு அந்த நடு மெஷினுக்கு எம்பேருல ஒரு எலுமிச்சங்காய் வெச்சுருங்க சார், மறக்காம" என்றார்.

ஊரெல்லாம் தசரா பார்க்க மைசூருக்கு வந்துகொண்டிருந்தபோது அவர் மைசூரைவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் காலை மேலாளர் திடீரென்று கூட்டம் போட்டார். தணிக்கைக்காரர்கள் தசரா முடிந்த கையோடு வருகிறார்களாம். வரைபட மாதிரிகளை அன்றே முடிவு செய்து அச்சுக்கு அனுப்ப வேண்டும். ஆறு செக்‌ஷன் ஆட்களும் இருந்தார்கள். மேலாளர் என்னைப் பார்த்துக் கன்னடத்தில், "ரஸ்தெ சார்ட் ரெடியா?" என்று கேட்டார்.

"பட்டியல்ல இல்ல சார்" என்றேன்.

"அவர் எங்கே?"

"லீவுல இருக்கார்."

"இந்த நேரத்துலயா?" என்று புருவத்தைத் தூக்கினார். "எதுக்கு லீவு?"

சொல்லியிருக்கலாம். உங்கள் வேலை நடக்க வேண்டும் என்றுதான் காட்டில் நடந்துகொண்டிருக்கிறார் என்று ஒரு வாக்கியம். அதைச் சொன்னால் அந்த அறையில் எல்லோரும் அவரை நினைத்து நெகிழ்ந்துபோவார்கள் என்பது எனக்குத் தெரிந்தது. அதுவும் பொறுக்கவில்லை.

"தெரியல சார்" என்றேன்.

"உங்களுது இருக்கா?"

"இருக்கு."

"சரி, அதையே போடுங்க. ஆயித்து."

பட்டியலில் இல்லை, லீவில் இருக்கிறார், என்னுடையது இருக்கிறது. மூன்றும் உண்மை. நடுவில் சொன்ன 'தெரியல' ஒன்றுதான் பொய். நெடுநாள் இந்தக் கணக்கை வைத்து என்னைத் தேற்றிக்கொண்டேன்.

அடுத்த நாள் ஆயுதபூஜை. லேத்துகளுக்கு வாழைக்கன்று கட்டி, மைக்ரோமீட்டர்களைத் துடைத்து வரிசையாக வைத்து, பூசணிக்காய் உடைத்தார்கள். கம்ப்யூட்டர் அறையிலும் மூன்று திரைக்கும் குங்குமம் வைத்தோம். நடு மெஷின் முன்னால் அவர் பெயரில் எலுமிச்சம்பழத்தை வைத்தேன். அந்த இடத்திலேயே டிக்கை எடுத்துவிட நினைத்தேன். ஆனால் பூஜையில் வைத்த கருவியை அன்று ஓட்டக் கூடாது என்பது எங்கள் தொழிற்சாலை வழக்கம். யாராவது கேட்டால் என்ன சொல்வது? பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வழக்கம் எனக்கு வசதியாக இருந்தது.

விடுமுறை முடிந்த காலையில் முதல் பஸ்ஸில் போய், குங்குமம் காய்ந்திருந்த திரையைப் போட்டு, டிக்கை எடுத்தேன். சுருங்கிய எலுமிச்சை அங்கேயே இருந்தது.

அவர் ஒன்பது மணிக்கு அறைக்கு வந்தார். மொட்டைத் தலை. ஒரு காலில் துணி சுற்றியிருந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டு நொண்டிக்கொண்டே வந்து, பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து, முதலில் மெஷினுக்கு, பிறகு என் நெற்றிக்கு வைத்துவிட்டார்.

"செக்போஸ்டுல போலீஸ்காரரு என்னய்யா வேண்டுதல்னு கேட்டாருங்க. கம்ப்யூட்டர்ல சார்ட் உக்காரோணும்னு சொன்னேன். அவுரு எம்பையத் தலகீழாக் கொட்டிப் பாத்துட்டாரு" என்று சொல்லிச் சிரித்தார்.

பிறகு உட்கார்ந்து முக்கால் மணி நேரம் வரைபடத்தைச் செய்தார். பச்சை, மஞ்சள், சிவப்பு. நான் பின்னால் நின்றேன். சேர்க்கும் பொத்தானை அழுத்தினார். திரை திட்டவில்லை. பட்டியலில் பெயர் வந்து நின்றது. மூடிவிட்டுத் திரும்பத் திறந்து பார்த்தார். இருந்தது.

"உக்காந்துருச்சுங்க சார்" என்றார். சத்தமே வரவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

வகையைச் சேமிக்கும்போது அதைப் பற்றி ஒரு வரி விளக்கம் எழுதவும் அந்த மென்பொருளில் இடம் உண்டு. அதில் தன் பெயரை எழுதினார். பிறகு, "உங்க உதவியாலன்னு இங்கிலீஷ்ல எப்புடிங்க போடறது?" என்று கேட்டார். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, ஒற்றை விரலால் தட்டினார். இன்னாருடைய அன்பான உதவியால். என் பெயர், என் பட்டத்தோடு.

அதன் பிறகு மேலாளரைப் பார்க்கப் போனார். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார்.

"முந்தியே முடிவு பண்ணி அச்சுக்குப் போயிருச்சாமுங்க சார்."

நான் திரையில் காய்ந்திருந்த குங்குமத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நேரம் தப்பிப்போச்சு. அதுக்குச் சாமி என்ன பண்ணும். நாங் கேட்டது உக்காரோணும்னுதான். அது உக்காந்துருச்சு" என்றார். எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, அளக்க வேண்டிய வால்வுகள் குவிந்திருக்கும் என்று போய்விட்டார்.

அந்த அதிகாரி இடத்துக்கு வெளியிலிருந்து ஒரு இன்ஜினீயர் வந்தார். என் வரைபடம் தணிக்கைக்காகத் தொங்கியது. தணிக்கை முடிந்ததும் ஆபரேட்டர்கள் ஒவ்வொரு செக்‌ஷனாக ரஸ்தெ சார்ட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அது யாருடைய உத்தரவும் இல்லாமல் ஆறு செக்‌ஷனிலும் ஓடியது. யார் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்தாலும் படத்துக்குக் கீழே அந்த வரி வரும். நான் அங்கே இருந்த மிச்சக் காலமெல்லாம் வாரத்துக்கு இரண்டு முறையாவது அதைப் பார்த்தேன். அழித்துவிடலாம். கோப்பு என் பொறுப்பில்தானே இருந்தது. ஆனால் அந்தக் கோப்பைத் திறக்க எனக்குத் துணிவில்லை.

அவர் ஓய்வுபெறும் நாள் வரை கார்டு குத்தினார். நான் நோட்டில் கையெழுத்துப் போடும்போது பின்னால் ணங் என்று கேட்கும். நூறில் எது அவருடையது என்று தெரியாது. எல்லாமே அவருடையதாகத்தான் கேட்டது.

பத்து வருடத்துக்கு முன்னால், சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, ஹனூர் போய் அவர் ஊரை விசாரித்துப் போனேன். வாசலில் மக்காச்சோளம் காயப்போட்டிருந்தார். என்னைக் கண்டதும் தோளில் கிடந்த துண்டை எடுத்து நாற்காலியைத் துடைத்தார். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டார். நாலு பேர் வந்து நின்றார்கள்.

"இவருதான் நான் சொல்லுவேனே, அந்த சார். பதினோரு நாள் எங்கூட மல்லுக்கட்டுனவரு. சாமி உள்ள நின்னுச்சு, இவரு வெளிய நின்னாரு. அப்புறந்தான் உக்காந்துச்சு" என்றார். அவர்களில் ஒருவர், "கம்ப்யூட்டருக்கு மொட்டை போட்ட கதைதானே, நூறுவாட்டி கேட்டாச்சு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

உள்ளே சுவரில் மாதேஸ்வரன் படம். அதன் சட்டத்தில் மஞ்சளாகிப்போன ஒரு அட்டை செருகியிருந்தது. அவருடைய கடைசி மாதக் கார்டு. குத்திய துளைகள் வரிசையாக இருந்தன.

அவர் மனைவி டீ கொடுத்துவிட்டுப் போன பிறகு, நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது, "என்னமோ சொல்ல வந்தாப்பல இருக்குதுங்களே சார்" என்றார்.

அந்த டிக்கைப் பற்றிச் சொன்னால் அந்த அதிசயமும் போய்விடும். அத்தனை வருடக் கார்டுக்குப் பதிலாக அவருக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். அதையும் எடுத்துக்கொள்ள நான் யார் என்று யோசித்தேன். அப்போது அது கருணைபோலத் தோன்றியது. பஸ்ஸில் திரும்பி வரும்போது, கொள்ளேகால் தாண்டியதும், அதுவும் பயம்தான் என்று தெரிந்துவிட்டது.

"சும்மா பாத்துட்டுப் போலாம்னுதான்" என்று சொல்லியிருந்தேன்.

அவர் இன்னும் இருக்கிறார். போன பொங்கலுக்குப் போனில் பேசினார். கண் நன்றாகத் தெரிகிறதாம். ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் செய்துகொண்டாராம். கன்னடப் பேப்பரைக் காலையில் ஒரு வரி விடாமல் படிக்கிறாராம்.

இதையெல்லாம் தமிழில் எழுதி முடித்திருக்கிறேன். அச்சில் வந்து, யாராவது கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தாலும், படம் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். எனக்குக் கன்னடம் தமிழைவிட நன்றாக எழுத வரும்.